இரண்டாவது சரணம்

என் அக்கா சந்திரலேகா பாடாத கல்யாண மண்டபம் கடலூர் மாவட்டத்தில் கிடையாது. மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, அந்தப் பக்கம் பெண்ணாடம் வரைக்கும் எல்லா மேடையும் ஏறியவள். ஆனால் போன மாசி மாதம் வரைக்கும் ஒரு பாட்டைக்கூட அவள் முழுதாகப் பாடியது இல்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இத்தனை வருஷமும் அவளுக்குப் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்தவன் நான். எனக்குத் தெரியாதா?

தப்பு அவள்மேல் இல்லை, தொழில் அப்படி. ரிசப்ஷனில் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி, அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தைத் தொடவே கூடாது. ஒரே பாட்டை நீட்டி முழக்கினால், "அடுத்த பாட்டு போடுப்பா" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். எங்கள் கெடிலம் இன்னிசைக் குழுவை நடத்துகிற கொளஞ்சியப்பன் அண்ணன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். முதல் சரணம் முடியப்போகும்போதே ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவார். சுற்றினால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். அவர் மறந்தாலும் வேறு யாராவது வந்து பாட்டை முடித்து வைப்பார்கள். பெண்ணின் சித்தப்பா மேடையேறி மைக்கை வாங்கி, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற வெள்ளைக் காரை எடுக்கச் சொல்வார். இல்லையென்றால் பந்திக்குக் கூப்பிடுவார்கள். அக்கா பாதி வார்த்தையில் சிரித்துக்கொண்டே விலகி நிற்பாள்.

அவளுக்கு அது பழகிப்போனது மட்டுமல்ல, பிடிக்கவும் செய்யும். அக்காவுக்குச் சத்தம் என்றால் கொண்டாட்டம். வீட்டில் டிவி ஓட வேண்டும், மிக்ஸி ஓட வேண்டும், தையல் மெஷின் ஓட வேண்டும், இத்தனைக்கும் நடுவில் அவள் போனில் பேசவும் வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். அங்கேயும் சந்தைக்கடைதான். மேடையில் பாடும்போதுகூட அவள் கண் சும்மா இருக்காது. தான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு யாராவது மேடையேறினால் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு தடவை உச்சஸ்தாயியில் நின்றுகொண்டே, முதுகில் கொக்கி கழன்றிருக்கிறது என்று ஒரு அம்மாளுக்கு ஜாடை காட்டினாள். சுருதி இம்மிகூட விலகவில்லை. அந்த அம்மாள் அடுத்த வாரமே கை நிறையத் துணியோடு கடைக்கு வந்துவிட்டார்.

நாங்கள் அண்ணாகிராமத்துக்காரர்கள். முந்திரித் தோப்பும் நாலு பலா மரமும் உள்ள குடும்பம். அக்கா பாட வந்தது தற்செயல்தான். பண்ருட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அங்கே பாட வந்திருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கொளஞ்சியப்பன் அண்ணன் மைக்கில், "யாராவது பாடத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அக்கா கையில் இருந்த எவர்சில்வர் குடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேடையேறிவிட்டாள். அப்பாவுக்குப் பயங்கரக் கோபம். வீடு வந்து சேரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "இன்னொரு பாட்டு பாடியிருக்கலாம்ல" என்றார். அதோடு அனுமதி கிடைத்துவிட்டது.

தேவநாதன் மாமா பெண் பார்க்க வந்த அன்றைக்கும் பாடச் சொன்னார்கள். அக்கா பல்லவி பாடினாள், ஒரு சரணம் பாடினாள், எழுந்து காபி எடுத்துவரப் போய்விட்டாள். மாமா மீதியைக் கேட்கவில்லை. அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். நாள் முழுக்கக் கம்ப்ரசர் இரைச்சலில் நிற்கிற மனுஷன், சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். இந்தப் பொருத்தத்தை எந்த ஜோசியரும் கட்டம் போட்டுக் கண்டுபிடித்திருக்க முடியாது.

போன தை மாதம் கடலூரில் ஒரு ரிசப்ஷன். அக்கா ஒரு பழைய படப் பாட்டை எடுத்தாள். கடலுக்குப் போன புருஷனை நினைத்து ஒருத்தி கரையில் நின்று பாடுகிற பாட்டு. மொய்க் கவரோடு வரிசையில் நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று வரிசையை விட்டு வெளியே வந்தாள். எங்களுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரிசப்ஷனில் யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். ஏதோ தப்புக் கண்டுபிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணன் விரலைச் சுற்றினார், பாட்டு முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் தண்ணீர் குடிக்க இறங்கியபோது நேராக அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, மீதிப் பாட்டு?"

"மீதியா?"

"அவன் திரும்பி வர்றது ரெண்டாவது சரணத்துலதானேக்கா. நீங்க அதைப் பாடவே இல்லையே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். "அவன் திரும்பி வர்றானா?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பாட்டை அவள் ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்டிருப்பாள். ஆனால் பாடுகிறவளுக்குத் தான் பாடுகிற பாகம்தான் பாட்டு. மீதி காதில் விழுந்தாலும் தங்காது. எனக்கும் அதே கதிதான். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இசையை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் தாட்சாயிணி. சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. படம் வரைகிறவள். வீட்டின் முன்பக்கத்துக் கூடத்தை ஓவியக் கூடமாக மாற்றி வைத்திருக்கிறாளாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படங்களை மாசியில் அங்கே வைக்கப் போகிறாளாம். "முதல் நாள் சாயங்காலம் நீங்க வந்து பாடணும்க்கா. படங்களுக்கு நடுவுல உக்காந்து, மைக் இல்லாம. இந்தப் பாட்டை முழுசா" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமா அக்காவை ஒரு பிடி பிடித்தார். "அடிப்பாவி, இத்தினி வருஷமா ஒரு மனுஷன நடுக்கடல்ல உட்டுட்டு வந்து வூட்ல சோறு தின்னுகினு இருந்திருக்கியே!" அக்கா சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது சரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அளவு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டினாள். கொளஞ்சியப்பன் அண்ணனுக்குத்தான் கவலை. "அங்க பந்திக்கு யாரு கூப்புடுவா? எப்ப நிறுத்தணும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். பாட்டு முடிந்தால் நிறுத்தலாம் என்பது அவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அது நடக்காத காரியம் என்பதால் உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா செல்வம்" என்றாள். "நான் நல்லா பாடறேன்னு எல்லாரும் சொல்றாங்க. எத வச்சு சொல்றாங்க? பாதியதான கேட்டாங்க. அதயும் எலைக்கு எடம் புடிச்சிகினே கேட்டாங்க. ஒரு பாட்ட மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாடி, அத யாராவது ஒக்காந்து கேக்கணும்டா. கேட்டுட்டு நல்லால்லன்னு சொன்னாகூட பரவால்ல. இன்னும் எத்தினி வருஷம் தொண்ட நிக்கும்னு நெனைக்கற?"

இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அவளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது இசையை வாசிக்கப் பழக ஆரம்பித்தேன். சனியன், லேசில் கைக்கு வரவில்லை.

சிதம்பரம் கோயிலில் நாட்டியாஞ்சலி விழா முடிந்த அடுத்த வாரம் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாமா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, அது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் புதுச்சத்திரம் வரைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா ரிசப்ஷனுக்குக் கட்டுகிற அரக்குப் பட்டும் தலை கொள்ளாத மல்லிகைப் பூவுமாக இருந்தாள். சந்து வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே எல்லோரும் நூல் புடவையும் கதர்ச் சட்டையும். அக்கா என் காதில், "பொண்ணு மாப்பிள்ள மாதிரி வந்துட்டமோ?" என்றாள்.

கூடத்தின் சுவர் முழுக்கக் கடல். படகு, வலை, கருவாடு காயப் போடுகிற பெண்கள், ஆள் இல்லாத மணல். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, அதை மறைக்க மாட்டேன். ஒரு தாடிக்காரர் ஒரே படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மூன்று பக்கச் சுவரையும் பார்த்து முடித்துவிட்டு வந்த பிறகும் அங்கேயேதான் நின்றார். அக்காவோ ஒரு மீன்காரப் பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்று, "தாட்சாயிணி, இந்தக் கைக்குழி இப்பிடி வெட்டுனா இழுத்துப் புடிக்கும்மா" என்றாள்.

"அது ரவிக்கை இல்லைக்கா. தோள்ல வலை போட்டிருக்காங்க."

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். வலைதான். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அக்காதான் அதிகமாகச் சிரித்தாள். சரி, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு கீபோர்டை விரித்தேன்.

ஆறு மணிக்கு எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். மைக் இல்லாததால் அக்காவுக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் கைக்குட்டையை உருட்டிப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒரு சின்னப் பாட்டு, இடம் பழகுவதற்காக. வழக்கம்போல ஒரு சரணத்தோடு முடித்தாள். கைதட்டினார்கள், பிறகு அமைதியானார்கள். அடுத்து என்ன என்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒரு வளையல் குலுங்கும் சத்தம்கூட இல்லை.

கல்யாண மண்டபத்தில் திடீரென்று சத்தம் அடங்கினால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பந்திகளுக்குள் சண்டை வந்திருக்க வேண்டும். அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னாடா ஆச்சு? ஏன் யாரும் பேசல?"

"கேக்கறாங்கக்கா."

"எல்லாருமா?"

அவள் முகம் வெளிறிப்போனதை அப்போதுதான் பார்த்தேன். இனி தாமதித்தால் வம்பு என்று கடல் பாட்டின் முன்னிசையை ஆரம்பித்தேன். பல்லவியை நன்றாகவே எடுத்தாள். முதல் சரணமும் பழகின பாதை, பிசகில்லை. மறுபடி பல்லவி. நான் ஒரு மாதமாகப் பாடுபட்டுப் பழகிய இரண்டாவது இசையை வாசித்து, அவள் எடுக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றேன். அக்கா வாய் திறந்தாள். குரல் வரவில்லை. நான் திரும்ப வாசித்தேன். வரவில்லை. மூன்றாவது தடவையும் வாசித்தேன்.

எனக்கு அந்த ஜனங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாராவது ஒரு இருமல் இருமினால் என்ன குறைந்துவிடும்? எல்லோரும் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு ஆவலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதைதான் அவள் கழுத்தைப் பிடித்து நெரித்தது. ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா கையைக் கூப்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மன்னிச்சுக்கணும். எனக்கு இந்தப் பாட்டு தெரியும். ஒரு மாசமா பாடிக்கினு இருக்கேன், எங்க வூட்டுக்காரர கேளுங்க. ஆனா நீங்க எல்லாரும் என்னையே பாத்துகினு கேக்கறீங்க. எனக்கு அது பழக்கமில்ல. எதிர்ல சத்தம் இருந்தாதான் எனக்குப் பாட்டு வரும்." கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ஒத்தாசை பண்றீங்களா? கல்யாண வூட்ல பேசற மாதிரி நீங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருங்க. என்னைக் கவனிக்காதீங்க. நான் பாடிடறேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாதே என்றால் பேசுகிற ஜனம், பேசு என்றால் வாயடைத்துப்போகிறது. தேவநாதன் மாமாதான் முதலில் சுதாரித்தவர். பக்கத்தில் இருந்த தாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ஊர்ல ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு இன்னா கேக்கறான்?"

கூடமே அதிர்ந்தது. தாடிக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "அதை ஏன் கேக்கறீங்க சார், எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஆறு மாசமா ஐஸே பிடிக்கறதில்லை" என்று ஆரம்பித்தார். அது போதுமாக இருந்தது. இரண்டு பெண்கள் நாட்டியாஞ்சலிக் கூட்டத்தில் செருப்புத் தொலைந்த கதையை எடுத்தார்கள். பின்னால் யாரோ போண்டா எப்போது வரும் என்று விசாரித்தார்கள். தாட்சாயிணி உள்ளே ஓடிப்போய்க் காபி டம்ளர்களைத் தட்டில் வைத்து வேண்டுமென்றே கடகடவென்று ஆட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து நிமிஷத்தில் கூடம் கல்யாண வீடாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் தோள் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தலையை அசைத்தாள்.

இரண்டாவது இசையை வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

அந்தச் சரணம் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கும். தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிகிறது, அது அவன்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அக்கா எந்த ஜோடனையும் செய்யாமல், வீட்டில் துணி வெட்டும்போது பாடுகிற மாதிரி பாடினாள். மேடையில் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. இரண்டாவது வரியில் செருப்புக் கதை நின்றது. அந்தப் பெண்கள் பாட்டைக் கேட்கக் கூடாது என்ற உடன்படிக்கையை மறந்துவிட்டார்கள். பிறகு போண்டாக்காரர்கள் அடங்கினார்கள். டம்ளர் தட்டைத் தாட்சாயிணி மெதுவாகத் தரையில் வைத்தாள். மாமா ஒருவர்தான் கடமை தவறாமல் கம்ப்ரசரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மொதல்ல காஸ் லீக்காவுதான்னு பாக்கணும் சார், அதப் பாத்துட்டு..." என்றவர் அதற்கு மேல் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடியே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது. மூடின கண்ணைத் திறக்கவில்லை. படகு நெருங்கி வந்தது, அவன் தண்ணீரில் குதித்து நடந்து வந்தான், இவள் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். கடைசிப் பல்லவி. நான் வாசிப்பதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். கை ஓடவில்லை, கண் மறைத்தது. வெறும் குரலில் அவள் கடைசி வரியைப் பாடி, கடைசி எழுத்தை இழுத்து, மெல்ல விட்டாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"டேய் செல்வம், இன்னாடா ஆச்சு?"

"பாட்டு முடிஞ்சிடுச்சுக்கா."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் அதை நம்பாமல் கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாமாவின் முகத்தில் வந்து பார்வை நின்றது.

"கேட்டீங்களா?" என்றாள்.

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். ஊரையே எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. கேட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம்தான் கைதட்டினார்கள்.